தோராவை மறுத்துப் பேச ஓர் ஆள்

வேகவைத்த உலர் பிளம்ஸ் பழங்களைக் கையாலேயே பிசைகிறார் தோரா சிக்வால்டசன். அரைக்கும் இயந்திரம் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, தொடமாட்டார். கொட்டைச் சில்லு ஒன்று தப்பியிருந்தால் விரலுக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. சாறு மணிக்கட்டுவரை கறுப்பாக ஏறிவிட்டது. ஏலக்காய்ப் பொடியைத் தூவி இன்னொரு முறை பிசைந்துவிட்டு, மேசைமேல் ஆறிக்கிடக்கும் ஏழு மாவுத் தகடுகளில் முதலாவதைத் தன் பக்கம் இழுக்கிறார். தகடு, விழுது, தகடு, விழுது. இரண்டு நாள் துணி சுற்றிக் கிடந்தால்தான் வினார்டெர்ட்டா என்ற இந்த ஐஸ்லாந்து அடுக்குக் கேக் வெட்டப் பதமாகும். வெள்ளிக்கிழமை மாநாட்டுக்குப் புதன்கிழமையே அடுக்குகிறார். தன்னைக் கௌரவிக்கும் விழாவுக்குத் தானே கேக் செய்து எடுத்துப்போகிற பெண்மணி வின்னிபெக் நகரத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"மேல ஐசிங் போடலாம்ல, ப்ரொபசர்? மொட்டையா இருக்கு" என்றார் நெனிதா. காலையில் வந்து குளிக்க உதவி, மாத்திரை கொடுத்து, மதியம் போகிற பராமரிப்புப் பெண்மணி. மணிலாவிலிருந்து வந்து இருபது வருடம் ஆகிறது.

"மொட்டையாத்தான் இருக்கணும். ஐசிங் போடறவங்க உள்ள இருக்கறதை நம்பாதவங்க."

"கிம்லியில உங்க சித்தி பொண்ணு போடறாங்களே?"

"அவ ஓட்டுப் போடறதும் அப்படித்தான். சரி, ஏன் போடணும்? மூணு காரணம் சொல்லு."

நெனிதா பாத்திரம் துடைத்தபடியே விரல் மடக்கினார். "இனிப்பா இருக்கும். அழகா இருக்கும். மூணாவது, நீங்க கோபப்படுவீங்க."

"மூணாவது நல்ல காரணம்" என்றார் தோரா. அந்த வாரத்தில் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

எழுபத்தொன்பது வயது. ஐஸ்லாந்திலிருந்து வந்து ஏரிக்கரையில் மீன் பிடித்த குடும்பம்; அந்த உயரமும் அந்தத் தோள்களும் இன்னும் இருக்கின்றன. மார்ச் மாதம் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் "காலைத் தூக்குங்க" என்றபோது "எதுக்கு?" என்றார். அந்தப் பெண் சொன்னாள். தோரா மறுத்தார். அரைமணி நேரம் வாதம். கடைசியில் "சரி, ஒத்துக்கறேன்" என்றவர், அன்றிலிருந்து ஒரு வேளைகூடப் பயிற்சியைத் தவறவிட்டதில்லை. இந்த மாதிரி நோயாளி செவிலியருக்குத் தொல்லை. ஆனால் சீக்கிரம் நடந்துவிடுவார்கள். ஆகஸ்டில் வாக்கரைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுக் கைத்தடிக்கு மாறினார்.

அரசியல் சாசனச் சட்டம் முப்பத்திரண்டு வருடம் கற்பித்தவர். மாணவர்கள் கட்டுரை கொண்டுவந்தால் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. "சரி, இது எங்க உடையும்?" என்பதுதான் முதல் கேள்வி. உடைகிற இடத்தை மாணவனே காட்டினால் உட்காரச் சொல்வார். காட்டாவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். "நான் ஒத்துக்கல" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பசி எடுத்துவிடும். உடனே காப்பி போடுவார். கணவர் எட்வின் தங்கமான மனிதர், எதற்கும் தலையாட்டுவார். இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. குடும்ப வாழ்க்கையில் இரண்டே முறை "முடியாது" என்றாராம். அந்த இரண்டையும் தேதியோடு தோரா சொல்லுவார். சொல்லும்போது குரல் இளகும்.

முப்பது வருடத்துக்கு மேலாக அவரைச் சளைக்காமல் மறுத்துவந்தவர் ஒருவர்தான். கியூபெக் நகரத்துச் சட்டப் பேராசிரியர் ரெஜான் திபோதோ.

சண்டை என்னவென்று எளிதாகச் சொல்லிவிடலாம். தேர்தலில் தோற்ற பிரதமர் பதவி விலக வேண்டும் என்று சாசனத்தில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் விலகுகிறார். அது வழக்கம். அப்படி எழுதப்படாத வழக்கங்களை ஆள்கிறவர்கள் மீறினால் நீதிமன்றம் தட்டிக் கேட்கலாம், அவையும் சட்டமே என்று தோரா 1985-இல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருடமே ரெஜான் அறுபது பக்கத்தில் மறுத்தார். "வழக்கம் இருக்குன்னு நம்பி ஏமாந்த ஊர்க்காரன் நான். எழுதி வாங்காதது எதுவும் கைக்கு வராது" என்பது அவர் வாதத்தின் சாரம். கியூபெக் சம்மதிக்காமலே 1982-இல் நாட்டின் சாசனத்தை மாற்றியதைத்தான் அப்படிச் சொன்னார். தோரா பதில் எழுதினார். அவர் அதற்குப் பதில் எழுதினார். அச்சான கட்டுரையை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். எதிராளிக்கு அதிகமாக எரியக்கூடிய பத்தியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். எட்வினின் இறுதிச் சடங்குக்கு வந்த ரெஜான், தேவாலய வாசலில் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி முடித்த கையோடு, "உன் கடைசிக் கட்டுரையில மூணாம் பகுதி தேறாது, தோரா" என்றார். அன்று தோரா சாப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

மார்ச்சுக்குப் பிறகு தபால் நின்றது. மருத்துவமனையில் இருந்தபோது ரெஜான் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். வலி மருந்தின் மயக்கத்தில் தோரா அவரைத் தன் அண்ணன் ஹால்டோர் என்று நினைத்து, வலையைக் காயப்போடச் சொல்லியிருக்கிறார். மறுநாளே தெளிந்துவிட்டது, அந்த மருந்துக்கு வயதானவர்கள் அப்படிப் பேசுவது சாதாரணம். ரெஜானுக்கு அது தெரியாது. பூங்கொத்து அனுப்பினார். அந்தப் பூங்கொத்தைப் பார்த்துத்தான் தோரா முதன்முறையாகப் பயந்தார்.

கோடை முழுக்க நாளுக்கு இரண்டு தடவை தெருக்கோடித் தபால் பெட்டிக்கு நடந்தார். உடற்பயிற்சி என்று நெனிதாவிடம் சொன்னார். விளம்பரத் தாள்களும் காது பரிசோதனை அழைப்புகளும் வந்தன. ஓரத்தில் கோடு போட்ட தாள் எதுவும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் வெறும் சுவரைப் பார்த்து "அப்படின்னா 1926-க்கு என்ன சொல்ற?" என்று அவர் கேட்பதை நெனிதா இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அந்த வருடம் கவர்னர் ஜெனரல் பிரதமரின் வேண்டுகோளை மறுத்த நெருக்கடி, தோராவும் ரெஜானும் ஓயாமல் மோதிக்கொண்ட விஷயம். மருத்துவரிடம் சொல்லலாமா என்று யோசித்தார். பிறகு சொல்லவில்லை. கேட்கிற குரலில் குழப்பம் எதுவும் இல்லை, ஏக்கம்தான் இருந்தது.

ஆகவே, அவருடைய பழைய மாணவரும் இன்றைய சட்டப் புலத் தலைவருமான கிரேம் ஆக்கின்லெக் வந்து, "ப்ரொபசர், உங்களுக்காக ரெண்டு நாள் மாநாடு. ரெஜானும் வர்றார்" என்றபோது, தோரா கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை நிமிஷம் பேசறார்?"

"இருபது. முதல் நாள் கடைசிப் பேச்சு."

"இருபது போதாது. சரி, கேள்வி நேரத்துல பார்த்துக்கலாம்."

கிரேம் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "கேள்வி நேரம் வைக்கல, ப்ரொபசர். நீங்க களைச்சுடுவீங்க. ஒவ்வொரு பேச்சும் முடிஞ்சதும் கைதட்டல், ஒரு போட்டோ, காப்பி. அவ்வளவுதான்."

அந்தச் சட்டப் புலத்தில் யார் கட்டுரை வாசித்தாலும், முடிந்ததும் தலைமை வகிப்பவர் "யாரு ஒத்துக்கல?" என்று கேட்க வேண்டும். அதிகமாக மறுப்பவருக்கு முதல் கேள்வி. தோரா ஆரம்பித்துவைத்த பழக்கம், எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஒருவரும் மீறியதில்லை. இப்போது அவருடைய விழாவிலேயே, அவர்மேல் இருக்கிற பிரியத்தில், அதை எடுத்துவிட்டார்கள்.

"நான் ஒத்துக்கல" என்றார் தோரா.

"தெரியும்" என்றார் கிரேம். "ஆனா நீங்க விழா நாயகி. விழா நாயகி நிகழ்ச்சியில தலையிடறதில்ல. கடைசியில பத்து நிமிஷம் நன்றி மட்டும் சொல்வாங்க. அதுவும் வழக்கம்தான், இல்லையா?"

பல வருடத்துக்கு முன்னால் சக பேராசிரியர் ஒருவர் தன் விழாவில் எழுந்து குறைபட்டுக்கொண்டபோது, "இது மரபில்லை" என்று அவரை நடைபாதையில் நிறுத்திக் கண்டித்தவர் இதே தோராதான். எழுதப்படாத வழக்கமும் கட்டுப்படுத்தும் என்று நானூறு பக்கம் எழுதியவர் இதை மட்டும் எப்படி மீறுவார்? கிரேமுக்குக் காப்பி போடாமலே அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை. முதல் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. பக்கத்தில் நெனிதா, மாத்திரை டப்பாவோடு. காலையில் நான்கு பேர், மதியம் மூன்று பேர் பேசினார்கள். தோரா சிக்வால்டசன் வழிகாட்டி என்றார்கள், கலங்கரை விளக்கம் என்றார்கள். ஒருவர் அவர் புத்தகத்தை வாசித்த இரவில் தூக்கம் வரவில்லை என்றார். "எந்தப் பக்கம்?" என்று தோரா வாய்க்குள் கேட்டது நெனிதாவுக்கு மட்டும் கேட்டது. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் கைதட்டல், போட்டோ, காப்பி. இளம் பேராசிரியை ஒருத்தி புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு புகழ்ந்தபோது தோராவின் கைத்தடி ஒருமுறை தரையைத் தட்டியது. ஆமோதிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள்.

ரெஜானுக்காகக் காத்திருந்தார். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். இடுப்புக்கு நல்லதல்ல என்று நெனிதா இருமுறை தோளைத் தொட்டுப் பின்னால் சாயச் சொன்னார். கேட்கவில்லை. எழுபத்தாறு வயது ரெஜான், எப்போதும் போல ஒரு பக்கம் சரிந்த டையோடு, மேடைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டார். கையில் ஒரே ஒரு தாள். அதைப் பார்த்ததும் தோராவின் முகம் மாறியது. அவர் ஒருநாளும் ஒரு தாளோடு வந்ததில்லை. மறுப்பதற்கு அவருக்குத் தாள்கட்டு வேண்டும்.

"முப்பது வருஷமா தோராவோட சண்டை போட்டேன்" என்று தொடங்கினார் ரெஜான். "இன்னைக்கு உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். அவங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தோரா எழவில்லை. இடுப்பு வலி என்று எண்ணியிருப்பார்கள். நெனிதா நாடியைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பு சரியாகத்தான் இருந்தது. கை மட்டும் சில்லென்றிருந்தது.

விருந்தில் தோரா ரெஜானைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மீன் தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"நிஜமாவே மனசு மாறிட்டியா?"

"உன் விழா, தோரா."

"நான் கேட்டது அது இல்ல."

"மீனைச் சாப்பிடு. இந்த ஊர் ஏரி மீன் மாதிரி எங்க ஊர்ல கிடைக்காது."

"இதுக்கு முன்னாடி நீ எங்க ஊர் எதையும் பாராட்டினதில்ல. எந்தப் பக்கத்துல மாறின? எந்த வாதத்துல? ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும்."

ரெஜான் கரண்டியை வைத்தார். "இத பாரு. நமக்கு வயசாயிடுச்சு. நீ போன்ல என்னை ஹால்டோர்னு கூப்பிட்ட. நான் அன்னைக்கு ராத்திரி தூங்கல. சண்டை போதும்னு தோணிச்சு. நீ ஜெயிச்சதா இருக்கட்டுமே. அதுல எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"எனக்குக் குறைஞ்சுபோச்சு" என்றார் தோரா.

ரெஜானுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. தோராவின் தோள்மேல் சால்வையைச் சரி செய்துவிட்டார், நோயாளிக்குச் செய்கிற மாதிரி.

அன்று மாலைக்கும் தங்கச் சொல்லி நெனிதாவைக் கேட்டிருந்தார்கள். வீடு திரும்பியதும் அவர் தோராவின் காலுறையைக் கழற்றி, வீங்கிய கணுக்காலை நாற்காலிமேல் உயர்த்தி வைத்தார். வெளியே அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தானே பேசினார், ப்ரொபசர்? எல்லாரும் அழுதாங்க."

"செத்தவங்களைப் பத்திப் பேசற மாதிரி பேசினார். நான் உயிரோட உக்காந்திருக்கேன், நெனிதா. முதல் வரிசையில."

"அப்போ நாளைக்கு எழுந்து சொல்லிடுங்க."

"சொல்ல முடியாது. நன்றி மட்டும்தான் சொல்லணும். அது வழக்கம்."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

நெனிதா சிரித்துவிட்டார். தோரா சிரிக்கவில்லை. காலை அப்படியே வைத்துக்கொண்டு, கிரேம் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்த நன்றியுரைத் தாளை எடுத்துவரச் சொன்னார். படித்தார். பெயர்களின் பட்டியல்: புல உறுப்பினர்களுக்கு நன்றி, உணவு தயாரித்தவர்களுக்கு நன்றி, தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு நன்றி.

"நன்றி சொல்லணும்" என்றார் மெதுவாக. "எதுக்கு நன்றின்னு வழக்கத்துல இல்ல."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. பசிக்குது. ரொட்டி ஏதாவது இருக்கா?"

மறுநாள் காலை பத்து மணி. தோரா கைத்தடியில்லாமல் மேடைக்கு நடந்தார், ஏழு அடி. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டியலில் இருந்தபடியே புல உறுப்பினர்களுக்கு நன்றி சொன்னார், சமையல்காரர்களுக்குச் சொன்னார், பெயர் சொல்லி நெனிதாவுக்குச் சொன்னார். கிரேம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கடைசியா, என் நண்பர் ரெஜானுக்கு நன்றி" என்றார் தோரா. "நேத்து அவர் தன் வாதத்தையெல்லாம் கைவிட்டார். பெரிய மனசு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நன்றி சொல்றதுதான் மரியாதை. எழுதாததை நீதிபதி வாசிக்கவே கூடாதுன்னு சொன்னாரே, அதைக் கைவிட்டதுக்கு நன்றி. ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமான வாதம் அது."

மூன்றாவது வரிசையில் ரெஜான் நிமிர்ந்தார். அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. வாசிக்கலாம், ஆணை போடக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். முப்பது வருடமாக அந்த வித்தியாசத்துக்காகத்தான் மல்லுக்கட்டினார். தோராவைவிட அதை நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

"அப்புறம், மாகாணங்கள் எல்லாம் ஏமாளிகள்ங்கற வாதம். அதையும் விட்டுட்டார். நன்றி. 1926 நெருக்கடியைப் பத்தி அவர் எழுதின பன்னிரண்டு பக்கம். வருஷத்தைத் தவிர அதுல எதுவும் சரியில்லைன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு போல. அதுக்கும் நன்றி."

"பதினாலு பக்கம்!" என்று ஒரு குரல் கேட்டது.

தோரா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பதினாலு பக்கத்துக்கும் நன்றி."

நாற்காலி கிரீச்சிட்டது. ரெஜான் எழுந்துவிட்டார். காதுமடல்கள் சிவந்திருந்தன. பக்கத்தில் இருந்தவரின் முழங்கால்மேல் தடுமாறி, நடைபாதைக்கு வந்து, அரங்கத்தின் நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் ஒத்துக்கல" என்றார். பிறகு தொண்டையைச் செருமி மறுபடி, பலமாக: "ஒரு வரியைக்கூட ஒத்துக்கல. என் வாதம் அது இல்ல. நேத்து நான் பேசினது வேற விஷயம், அதை விடுங்க. அவங்க சொல்ற பன்னிரண்டு பக்கம்..."

கிரேம் பதறி எழுந்தார். "ரெஜான், மன்னிக்கணும். கேள்வி நேரம்னு நிகழ்ச்சி நிரல்ல எழுதவே இல்லையே."

"எழுதலைன்னா என்னப்பா?" என்று அவர்மேல் பாய்ந்தார் ரெஜான். "இந்த இடத்துல அதுதானே வழக்கம்!"

அரங்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தான் சொன்னது என்னவென்று ரெஜானுக்கு உறைக்க ஒரு நொடி பிடித்தது.

தோரா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, மேசையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். நன்றியுரைத் தாளை வெறும் பக்கம் மேலே வரும்படி திருப்பிப்போட்டார். முன்வரிசையை நோக்கிக் கையை நீட்டி நெனிதாவிடம் ஒரு பென்சில் வாங்கினார். தாளின் தலைப்பில் ஒன்று என்ற எண்ணைப் போட்டு, வட்டமிட்டு, "ம், மேல சொல்லு" என்றார்.